வராமல் போன விளையாட்டுக்கும் ஒரு பதினாறாம் நாள்

கேள்வி:

மேடம், எனக்கு 23 வயது. ஊர் சேலம் சிவதாபுரம். டிப்ளமோ முடித்துவிட்டு, கடைவீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். பத்தாவது முடித்த சமயம் ஒரு ஆன்லைன் கேமின் ட்ரெய்லர் வந்தது. அன்றிலிருந்து ஏழு வருடமாக நானும் என் நண்பர்கள் மூன்று பேரும் அதற்காகக் காத்திருந்தோம். ஒருவன் இப்போது திருப்பூரில், ஒருவன் சிங்கப்பூரில், ஒருவன் ஏற்காடு நாகலூரில். சனிக்கிழமை ராத்திரி ஆனால் நாலு பேரும் போனில் சேர்ந்துகொள்வோம். யார் என்ன கேரக்டர், எங்கே வீடு கட்டுவது என்று நோட்டுப் போட்டே எழுதி வைத்திருக்கிறோம். போன மாதம், கேமை நிறுத்திவிட்டோம் என்று கம்பெனி ஒரு பக்க அறிக்கை விட்டது. அன்று வேலைக்குப் போகவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை. "வராத கேமுக்கு எவனாவது அழுவானா? அதுக்கு அடிமையாயிட்டே நீ" என்கிறார் அப்பா. கோபத்தில் அந்த கம்பெனியில் வேலை பார்த்த ஒருவருக்கு அசிங்கமாக மெசேஜ் அனுப்பிவிட்டேன். நண்பர்களோடு பேசுவதும் நின்றுபோய்விட்டது. வேறு யாராவது விலைக்கு வாங்கி மறுபடி ஆரம்பிப்பார்களா என்று தினமும் தேடிக்கொண்டிருக்கிறேன். கேம் வந்ததும் வீடியோ போட்டுச் சம்பாதித்துத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி, அம்மா சீட்டுப் பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். எனக்கு என்ன ஆயிற்று மேடம்? இது பைத்தியக்காரத்தனமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்:

அன்புள்ள தம்பி,

பைத்தியக்காரத்தனம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வியை மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

நாலு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். கேமின் பெயரை எடுத்துவிட்டேன். மூன்றரைப் பக்கம் அந்த உலகத்தைப் பற்றியே எழுதியிருந்தீர்கள். அங்கே மழை எப்படிப் பெய்யும், எந்தக் குகைக்குள் என்ன இருக்கும், ராத்திரியானால் என்ன வெளியே வரும் என்று. நான் கேண்டி க்ரஷைத் தாண்டாதவள். ஆனாலும் படித்து முடித்தபோது அந்தக் குகைக்குள் ஒரு எட்டுப் போய்ப் பார்க்கலாமே என்று எனக்கே தோன்றியது. அம்மாவின் சீட்டுப் பணத்துக்கு நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வரி. அந்த வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். அதைக் கடைசியில் பேசுவோம்.

முதலில் அப்பா. அவர் சொல்வதில் பாதி உண்மை. கேம் வரவேயில்லை, வராததை எப்படி இழக்க முடியும் என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஏழு வருடம், வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. பரீட்சை, காய்ச்சல், ஒருவன் சிங்கப்பூருக்குக் கிளம்பிய களேபரம் எல்லாவற்றையும் கழித்தாலும் 300 ராத்திரிகள் தேறும். நோட்டில் ஊர் வரைந்திருக்கிறீர்கள். ஆற்றங்கரை வீடு யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டு, ஒரு மாதம் இரண்டு பேர் பேசாமல் இருந்திருக்கிறீர்கள். இல்லாத ஊரில் மனைத் தகராறு! அப்படியென்றால் நாலு பேரும் ஒரு விளையாட்டை ஏற்கெனவே விளையாடிக்கொண்டுதான் இருந்தீர்கள் தம்பி. காத்திருப்பதுதான் அந்த விளையாட்டு. கம்பெனி அவர்களுடைய கேமை நிறுத்தியது. அதோடு சேர்ந்து உங்களுடையதும் நின்றுபோனது. நீங்கள் அழுவது பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

எழவு விழுந்த வீட்டுக்கு ஊரே வந்து உட்காரும். பந்தல் போடுவார்கள், நாற்காலி வரும், டீ வரும். "எப்படி ஆச்சு?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், வீட்டுக்காரர் அதே பதிலை நூறு முறை சொல்வார். அந்த நூறு முறையில்தான் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகும். ஆனால் எல்லா இழப்புக்கும் ஊர் வருவதில்லை. வளர்த்த நாய் செத்தால் வருவதில்லை. கரு கலைந்தால் வெளியே சொல்லாதே என்கிறது. வீட்டுக்குத் தெரியாத காதல் முறிந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இப்படி ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கத்துக்கு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-இல் தனிப் பெயரே வைத்து எழுதினார். இந்த வகைத் துக்கத்தின் தொல்லை என்னவென்றால், அழுகையோடு 'இதற்குப் போய் அழுகிறோமே' என்ற வெட்கமும் சேர்ந்துகொள்ளும். உங்கள் கடிதத்தில் அழுகை ஒரு பங்கு, வெட்கம் இரண்டு பங்கு.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள். 2019 ஜூலையில் உலகக் கோப்பை அரையிறுதி, நியூசிலாந்தோடு. கப்திலின் த்ரோவில் தோனி ரன் அவுட் ஆகி நடந்து போனாரே, அன்று ராத்திரி உங்கள் வீட்டில் யார் யார் சாப்பிட்டார்கள்? அப்பா கிரிக்கெட் பார்க்காதவர் என்றால் இந்தக் கேள்வி செல்லாது. ஆனால் சேலத்தில் அப்படி ஒரு அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த மேட்சால் அவர் சம்பளம் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனாலும் நெஞ்சு அடைத்தது. உங்களுக்கும் அதுதான். அவருக்குத் தெருவே கூட இருந்தது, உங்களுக்கு இல்லை; அதுதான் வித்தியாசம்.

ஏமாற்றம் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்றும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1990-களில் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து ஒரு சோதனை செய்தார். ஒரு அடையாளம் காட்டுவார், கொஞ்ச நேரத்தில் சாறு வரும். பழகப் பழக, மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் சாறு வரும்போது துள்ளுவதை விட்டுவிட்டு, அடையாளத்தைப் பார்த்தவுடனேயே துள்ள ஆரம்பித்தன. உங்களுக்கு ட்ரெய்லர் வந்த நாட்களில் இருந்த சந்தோஷம் இதுதான். அப்புறம் ஒரு நாள் அடையாளம் மட்டும் வந்தது, சாறு வரவில்லை. வரவேண்டிய அந்த நொடியில் அந்த அணுக்கள் வழக்கமான நிலைக்கும் கீழே இறங்கிவிட்டன. சாறே தெரியாத குரங்குக்கு இந்த இறக்கம் கிடையாது. குரங்கின் பழச்சாறும் ஏழு வருடக் காத்திருப்பும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்றுமே நடக்காத ஒரு நாளில் ஏன் உடம்பு இவ்வளவு தளர்ந்துபோகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

இனி 'அடிமை'. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் இருப்பது உண்மைதான். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில் அது சேர்ந்தது. ஆனால் அதற்குச் சில அடையாளங்கள் வேண்டும். எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கையை மீறிப் போயிருக்க வேண்டும். சோறு, தூக்கம், வேலை எல்லாவற்றையும் விளையாட்டு பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும். கெடுதல் வந்தபிறகும் விடமுடியாமல் தொடர வேண்டும். அதுவும் சாதாரணமாக ஒரு வருடமாவது. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது என்னிடம் வந்த பெற்றோர் இனிப்பு கொடுக்காத குறைதான்; பிள்ளைகளோ ராத்திரியில் விரல் துடிக்கிறது என்றார்கள். அவர்களில் சிலருக்கு இந்த அடையாளங்கள் இருந்தன. நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், வாரத்தில் ஒரு ராத்திரி பேசினீர்கள். வராத கேமுக்கு அடிமையாக முடியாது தம்பி. வேறு கேம்களில் எத்தனை மணி நேரம் போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது மட்டும் உங்களுக்கும் உங்கள் மனசாட்சிக்கும்.

ஒரு விஷயத்தை நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'எதிலும் பிடிப்பு இல்லை' என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா? ஒரு முறை வந்திருந்தாலும் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எண்ணம் இல்லை, ஆனால் தூக்கமும் பசியும் இன்னும் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வரவில்லை என்றால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போய் ஓ.பி. சீட்டுப் போட்டுக் காட்டுங்கள். என்ன காரணம் என்று கேட்டால் கேம் என்று தயங்காமல் சொல்லுங்கள். டாக்டர்கள் இதைவிட விசித்திரமானதெல்லாம் கேட்டிருப்பார்கள்.

சரி, கேம் ஏன் நின்றது? 'முடிந்துபோன கேமைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நிற்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விசாரித்தேன். என் அக்கா மகன் பெங்களூரில் இந்தத் தொழிலில் இருக்கிறான், அவனைப் பிடித்து ஒரு மணி நேரம் பேசவைத்தேன்.

அவன் சொன்னது: பூட்டிவைக்க அங்கே பெரும்பாலும் எதுவும் இருக்காது. ட்ரெய்லரில் பார்ப்பது கல்யாண மண்டப வாசலில் கட்டும் பூ அலங்கார வளைவு மாதிரி. அதைப் பார்த்துவிட்டு உள்ளே பந்தி தயார் என்று நினைத்துவிடுகிறோம். உள்ளே அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள். ப்ளிசார்டு நிறுவனம் டைட்டன் என்ற பெரிய ஆன்லைன் கேமை ஏழு வருடம் செய்துவிட்டு 2014-இல் கைவிட்டது. காசு இல்லாமல் இல்லை; அதில் விளையாட்டின் குதூகலத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று அதன் தலைவர் மைக் மோர்ஹைம் வெளிப்படையாகச் சொன்னார். 2013-இல் ஆரவாரமாக அறிமுகமான எவர்குவெஸ்ட் நெக்ஸ்ட் 2016 மார்ச்சில் நின்றது. துண்டு துண்டாகச் செய்ததைச் சேர்த்துப் பார்த்தபோது விளையாட நன்றாக இல்லை என்றார்கள். தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் ஆன்லைன் பதிப்பு 2023 டிசம்பரில் நின்ற காரணம் வேறு. ஆன்லைன் கேம் என்பது விற்றுவிட்டுக் கைகழுவும் பண்டம் இல்லை. வெளிவந்த பிறகும் வருடக்கணக்கில் சர்வரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாதாமாதம் புதிதாக எதையாவது போட வேண்டும். அதற்கு நாட்டி டாக் ஸ்டுடியோவின் மொத்த ஆட்களையும் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தால், அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த, ஒருவர் தனியாக விளையாடும் கதைக் கேம்களைச் செய்ய ஆள் இருக்காது. எதையாவது விட வேண்டும் என்றபோது இதை விட்டார்கள்.

உங்கள் கேமுக்கு இதில் எந்தக் காரணம் என்று நான் ஜோசியம் சொல்லப் போவதில்லை. பெட்டிக்குள் முழு கேம் இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் உங்களிடமிருந்து ஒளித்துவைக்கவில்லை.

இன்னொன்று. ஒரு கேம் நிற்கிற அன்றைக்கு, அதில் வேலை பார்த்த பலருக்கும் வேலை போகும். 2014-இல் சிசிபி நிறுவனம் வேர்ல்ட் ஆஃப் டார்க்னஸ் என்ற ஆன்லைன் கேமை நிறுத்தியபோது 56 பேர் வேலையிழந்தார்கள். நீங்கள் ராத்திரி ஒன்றரை மணிக்குத் திட்டினீர்களே, அந்த மனிதரும் உங்களைப் போலவே வருடக்கணக்கில் அந்த உலகத்துக்குள் இருந்தவர். அந்தக் குகையை வரைந்ததே அவராக இருக்கலாம். மெசேஜை அழித்துவிடுங்கள். முடிந்தால் இரண்டு வரி மன்னிப்பு எழுதுங்கள். விளக்கம் வேண்டாம், 'ஆனால்' வேண்டாம். அவர் பதில் போடவில்லை என்றால் அது அவர் இஷ்டம்.

நின்றது மறுபடி வருமா? இதற்கு நான் 'வராது, மறந்துவிடு' என்று சொன்னால் நீங்கள் உடனே ஹைட்டேல் என்ற கேமின் கதையை என் முகத்தில் நீட்டுவீர்கள், தெரியும். அக்கா மகன் அதையும் சொன்னான். 2018 டிசம்பரில் ட்ரெய்லர், கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். 2025 ஜூனில் நிறுத்திவிட்டோம் என்றார்கள். சில மாதத்தில், அதைத் தொடங்கியவரே திரும்ப வாங்கி, 2026 ஜனவரியில் முழுமை பெறாத பதிப்பாகவே வெளியிட்டார். நடந்திருக்கிறது. ஆனால் மேலே சொன்ன மற்றவை எதுவும் திரும்பி வரவில்லை. ஒருவருக்கு லாட்டரி விழுந்தது உண்மை என்பதற்காக நீங்கள் வேலையை விட்டுவிட முடியுமா?

உங்கள் நாகலூர் நண்பனைக் கேளுங்கள், காப்பித் தோட்டத்தில் என்ன செய்வார்கள் என்று. மார்ச், ஏப்ரலில் பூமழை வர வேண்டும். வந்தால்தான் மொட்டு விரியும். வரவில்லையென்றால் அந்த வருட மகசூல் கணக்கைக் குறைத்து எழுதிவிட்டு மிளகைப் பார்க்கப் போய்விடுவார்கள். செடியைப் பிடுங்குவதும் இல்லை. ஜூன் மாதத்தில் பூமழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் இல்லை. நீங்கள் இப்போது ஜூனில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தினமும் தேடுவதை மாதத்துக்கு ஒரு நாள் என்று வையுங்கள். ஒன்றாம் தேதி, கால் மணி நேரம், பகல் வெளிச்சத்தில். ராத்திரியில் கூடாது. ராத்திரியில் தேடினால் எல்லா வதந்தியும் செய்தி மாதிரியே தெரியும்.

சேலத்துக்காரருக்கு இந்த மாதிரிக் காத்திருப்பு ஒன்றும் புதிதில்லை. சிவதாபுரத்துக்காரர் நீங்கள், கஞ்சமலையைப் பார்த்தே வளர்ந்திருப்பீர்கள். மலை முழுக்க இரும்பு, இங்கேயே வெட்டி இங்கேயே உருக்கலாம், ஊருக்கெல்லாம் வேலை என்று எங்கள் அப்பா காலத்தில் பேச்சு. உருக்காலை கேட்டு 1967 ஜூலையில் அண்ணா எழுச்சி நாள் கொண்டாடச் சொன்னார். 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியபோது அண்ணா இல்லை. உற்பத்தி தொடங்க 1980-கள் ஆகிவிட்டன. அப்போது வந்தது கஞ்சமலைத் தாதை உருக்கும் ஆலை இல்லை; துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலை. கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. ஆனால் கிடைத்ததும் ஒன்றுமில்லாததாகிவிடவில்லை. நாணயம் அடிக்க வில்லைகூட அங்கே வெட்டியிருக்கிறார்கள். டைட்டனும் அப்படித்தான். அதன் மிச்சத்திலிருந்து ஒரு சின்னக் குழு செய்ததுதான் 2016-இல் வெளிவந்த ஓவர்வாட்ச். அதை நீங்கள் விளையாடியிருப்பீர்கள். ஆனால் டைட்டனுக்காகக் காத்திருந்தவருக்கு ஓவர்வாட்ச் ஆறுதலாக இருந்திருக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். எங்கள் அப்பா கடைசிவரை கஞ்சமலையைக் கடக்கும்போதெல்லாம் "மலையே இரும்புடா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி, செய்ய வேண்டியது. உங்கள் சனிக்கிழமை நின்று ஐந்து வாரம் ஆகிறது. யாரும் சண்டை போடவில்லை, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை; பேச விஷயம் போய்விட்டதால் நாலு பேரும் கூச்சத்தில் ஒதுங்கிவிட்டீர்கள். இழவு வீட்டில் யார் முதலில் வாயைத் திறப்பது என்ற தயக்கம். நீங்களே திறங்கள். அந்த கேமுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்வோம், வாங்கடா என்று கூப்பிடுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிரிப்பார்கள், வருவார்கள்.

இடம் நாகலூர். கடையில் ஒரு நாள் லீவு கேளுங்கள், திருப்பூர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை வரட்டும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, பைக்கில் நிதானமாக ஏறுங்கள். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தட்டுவடை வாங்கிக்கொள்ளுங்கள். செட்டாகப் போட்டு வாங்கினால் மேலே போவதற்குள் நமத்துவிடும், தட்டுவடை தனி, சட்னி தனி, துருவல் தனி. சிங்கப்பூர்க்காரரை வீடியோவில் உட்காரவையுங்கள். நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படியுங்கள். ஆற்றங்கரை வீட்டுத் தகராறையும் விடாதீர்கள். அந்த வீடு கடைசியில் யாருக்கு என்று அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். அழுகை வந்தால் வரட்டும், மலைமேல் யார் பார்க்கப் போகிறார்கள்? நோட்டைக் கொளுத்துகிற வேலையெல்லாம் வேண்டாம். யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று நாலு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து எந்த கேம் என்ற பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். அது துக்க வீட்டில் ஜாதகம் கேட்கிற கதை. அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் பேசிவிட்டு இறங்குங்கள். என்ன பேசுவது என்பது தானாக வரும். முதல் சில வாரம் இருபது நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துபோகலாம். தீரட்டும். இருபது நிமிஷம் போதும்.

இப்போது அம்மா.

சீட்டைத் தள்ளி எடுத்து 70,000 ரூபாய் கொடுத்திருக்கிறார். கொலுசுக்கு மணி கோத்துக் கொடுத்துச் சேர்த்த பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். இடையில் தள்ளி எடுத்தால், எடுத்தது குறைவு, சீட்டு முடியும்வரை கட்ட வேண்டியது நிறைய. ஆக, அவர் இன்னமும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார். கேம் நின்ற விஷயம் அவருக்குத் தெரியுமா? கடிதம் முழுக்கத் தேடினேன், அப்பா பேசுகிறார், நண்பர்கள் பேசுகிறார்கள், அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

தூக்கம் வராததற்கு கேம் மட்டும்தான் காரணமா என்று யோசித்துப் பாருங்கள். யாராவது கேமை வாங்கிவிட்டால் கேம் வரும். கூடவே, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் பொய்யாகாமல் தப்பிக்கும். ராத்திரி முழுக்க நீங்கள் தேடுவது எதை? என் ஊகம் தவறாக இருக்கலாம். சரியாக இருந்தால், இந்த ஒரு முடிச்சை அவிழ்த்தாலே பாதித் தூக்கம் திரும்பிவிடும்.

அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில், அம்மா மணி கோக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் நாலு மணி கோத்துக்கொண்டே சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிடக் கையில் வேலை இருக்கும்போது சொல்வது சுலபம். "அம்மா, நான் நம்பினது நடக்கலை. அந்த கேம் வராது. வீடியோ போட்டுச் சம்பாதிக்கிறேன்னு சொன்னேன்ல, அதுவும் இப்போதைக்கு இல்ல. சீட்டு இன்னும் எத்தனை மாசம் இருக்கு? அதுல இவ்வளவு நான் கட்டறேன்." இவ்வளவுதான். உங்கள் 14,000 ரூபாய் சம்பளத்தில் எவ்வளவு முடியுமோ அந்த எண்ணைச் சொல்லுங்கள். 500 என்றாலும் 500. கூடுதலாகச் சொல்லி அடுத்த மாதம் கை பிசைய வேண்டாம். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் அழுதாலும், பணத்துக்காக என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரு மாதமாகப் பையன் சரியாகச் சாப்பிடாததற்காகவும் இருக்கும்.

கம்ப்யூட்டர் வீணாகவில்லை. ட்ரெய்லரைக் காட்சி காட்சியாக நிறுத்தி, வெட்டி ஒட்டி, பன்னிரண்டு நிமிஷ வீடியோ செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கைப்பழக்கத்துக்கு இந்த ஊரில் தேவை இருக்கிறது. கல்யாண சீசனில் வீடியோக்காரர்களிடம் எடிட்டிங் மலையாகக் குவிந்து கிடக்கும். தெரிந்த ஒருவரிடம் போய், ஒரு வேலை சும்மா செய்து காட்டுகிறேன் என்று கேளுங்கள். ஒன்று மட்டும், பிடிவாதமாகச் சொல்கிறேன்: இதிலிருந்து இவ்வளவு வரும் என்று அம்மாவிடம் இன்னொரு வாக்குக் கொடுக்காதீர்கள். கையில் வந்த பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்

பின்குறிப்பு: முன்பதிவுக்கு 2,400 ரூபாய் கட்டியதாகவும், பணம் திருப்பித் தருகிறோம் என்று ஒருவர் போனில் கூப்பிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உஷார். நீங்கள் வாங்கிய கணக்கில் உள்ளே போய், அங்கே என்ன அறிவிப்பு இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். பணம் திரும்பி வருவதாக இருந்தால், பெரும்பாலும் நீங்கள் கட்டிய அதே வழியிலேயே வந்துவிடும். அதற்கு ஓடிபி தேவையில்லை, அவர் அனுப்பும் லிங்க்கும் தேவையில்லை. ஏற்கெனவே ஓடிபி சொல்லிவிட்டீர்கள் என்றால் இந்தக் கடிதத்தை மடித்துவைத்துவிட்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள், அப்புறம் பேங்கைக் கூப்பிடுங்கள்.